மணவறைத் தூணும் இரண்டு மைனஸும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இருபத்தொரு வயதில் அது என்னிடம் துளியும் இல்லை. அதற்குப் பதிலாகக் குரல் இருந்தது. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில், எங்கள் வீட்டில், பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான். பரீட்சை முடிந்த கையோடு கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலையும் கிடைத்துவிட்டது. இரண்டாம் படிவத்துக்குக் கணிதம். அன்றிலிருந்து நான் வீட்டில் சாதாரணமாகப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உப்பை எடுத்துக் கொடுக்கச் சொன்னால்கூடக் கரும்பலகை முன்னால் நிற்பதுபோல் நின்றுதான் கொடுப்பேனாம். (இது அம்மா கிளப்பிவிட்ட கதை. பாதிதான் உண்மை.)

அந்தக் குரலுக்கு முதல் அடி ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது. எதிர்ம எண்களைப் பெருக்குவது அன்றைய பாடம். பிளஸ்ஸையும் பிளஸ்ஸையும் பெருக்கினால் பிளஸ், பிளஸ்ஸையும் மைனஸையும் பெருக்கினால் மைனஸ், மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ் என்று மலாயில் மளமளவென்று எழுதிப் போட்டுவிட்டு, சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது வரிசையில் சாந்தி என்றொரு பெண். அதிகம் வாய் திறக்காதவள். அன்றைக்குப் பார்த்துக் கையைத் தூக்கினாள். இரண்டு மைனஸ் சேர்ந்தால் இன்னும் பெரிய மைனஸ்தானே ஆகவேண்டும், அது எப்படி பிளஸ் ஆகும் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. என் வாத்தியார் சொன்னார், நான் எழுதினேன், மதிப்பெண் வந்தது, அவ்வளவுதான். ஆனால் இருபத்தொரு வயது ஆசிரியை அதை ஒத்துக்கொள்வாளா? "ஹாஃபால் சாஜா," என்றேன். மனப்பாடம் செய்துகொள் என்று அர்த்தம். சாந்தி கையை இறக்கிக்கொண்டாள். எழுதி வைத்திருந்ததை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், நோட்டை மூடினாள். அந்த மூடல் சத்தம் சனிக்கிழமை முழுக்க என் காதில் இருந்தது. இந்த வேலைக்கு நான் லாயக்கா என்ற சந்தேகம் முதல் தடவையாக வந்தது.

உட்கார்ந்து கவலைப்பட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை என் அக்கா விஜயாவுக்குக் கல்யாணம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில்.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா நடேசன் ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் எப்போதும் ஒரு திருத்தல் பார்வை. எங்கள் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கைகள் காய்த்துப் போனவர். அக்காவும் மாப்பிள்ளையும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய், மாப்பிள்ளை ஒரு வருடம் தன் அப்பாவோடு மல்லுக்கட்டித்தான் இந்தக் கல்யாணம் நடந்தது. நடேசன் சம்மதம் சொன்னபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம்: எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும். அப்பா அதைத் தினமும் எங்களுக்கு ஒருமுறை ஒப்பித்தார். ஒரு சொல் வந்துவிடக் கூடாது, பிறகு அந்தச் சொல்லோடுதான் உங்க அக்கா அந்த வீட்டில் காலம் பூரா குடித்தனம் பண்ணணும் என்பார்.

ஒழுங்கு என்பதற்கு அப்பா கண்டுபிடித்த வழி, மணவறை. வாடகைக்கு எடுக்காமல், அவரும் அவருடைய துறைமுகச் சகாக்களும் மூன்று மாதம் உட்கார்ந்து தாங்களே ஒரு மணவறை செய்தார்கள். கப்பலில் வந்திறங்கும் பெரிய பெட்டிகளின் பலகைதான் மரம். நான்கு தூண், மேலே கோபுரம், அதில் இரண்டு மயில். தங்கச் சாயம் அடித்து முடித்ததும் எங்கள் தெருவே வந்து பார்த்தது. தூண்களின் பின்பக்கம் மட்டும் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்துகள் அப்படியே தெரிந்தன. பின்னால் போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். (யார் பார்த்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

மணவறையைக் கொண்டுபோகும் பொறுப்பு முத்து மாமாவுடையது. அம்மாவின் தம்பி. இருபது வருடமாக லோரி ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. பின்னால் நின்று வழி சொல்லும் அவருடைய உதவியாளுக்கு வெள்ளிக்கிழமை அம்மை போட்டுவிட்டது. வேறு ஆள் பார்க்கலாம் என்றார் மாமா. நான் விடுவேனா? வழி சொல்ல என்ன இருக்கிறது, இடம் வலம் தெரிந்தால் போதாதா, நான் வருகிறேன் என்று பட்டுப்புடவையோடு லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. ஃபெடரல் நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு போகும்போது, இந்தக் குடும்பத்தில் எல்லாக் காரியத்துக்கும் நான்தான் தேவைப்படுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. முகூர்த்தம் பத்தரைக்கு. மண்டபத்தின் பக்கவாட்டில் ஒரு குறுகலான சந்து, அதன் கடைசியில் பொருள் இறக்கும் கதவு. லோரியைப் பின்னோக்கித்தான் உள்ளே விட முடியும். எங்கள் ஊரில் அதற்குச் சொல் கோஸ்தான். மாமா உட்கார்ந்திருந்த வலது பக்கம் மண்டபத்துச் சுவர், கொஞ்சம் இடம் இருந்தது. அவர் கண்ணுக்கு எட்டாத இடது பக்கம், நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்ட சமையல் கொட்டகை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கக் கண்ணாடியில் பார்க்கலாம் என்றால், போர்வை சுற்றிய மணவறைத் தூண் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு மறைத்தது. லோரிக்குப் பின்னால் நான் நிற்க வழியில்லை, திறந்த சாக்கடை. அதனால் லோரிக்கு முன்னால், மாமாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

"பின்பக்கம் எந்தப் பக்கம் போவணுமோ அத மட்டும் சொல்லும்மா. ஸ்டியரிங்க நான் பாத்துக்கறேன்," என்றார் மாமா.

லோரி நகர்ந்தது. பின்பக்கம் கொட்டகையை நோக்கிச் சாய்ந்தது. சுவர்ப் பக்கம் போகவேண்டும். சுவர் எனக்கு இடது கைப்பக்கம் இருந்தது. வகுப்பறைக் குரலில், "இடது, மாமா, இடது," என்றேன். மாமா தன்னுடைய இடதுக்குப் போனார். கொட்டகைக் கம்பில் டங் என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மாமா நிறுத்தி, லோரியை முன்னால் எடுத்தார். கம்பு தப்பித்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நாங்கள் பேசவில்லை. நான் மண்டையில் தட்டிக்கொண்டேன். எதிரும் புதிருமாக நிற்கிறோம், என் இடது அவருக்கு வலது, இதுகூடத் தெரியாமல் என்ன கணக்கு டீச்சர் நான், இனி வாயைத் திறப்பதற்கு முன் திருப்பிச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். சொன்னால் மானம் போகுமே என்று அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். அதே நேரத்தில் லோரிக்குள் மாமாவும் ஒரு முடிவு செய்திருக்கிறார். சின்னப் பெண், என்னைப் பார்த்து நிற்கிறாள், அவள் இடது எனக்கு வலது, இனி அவள் என்ன சொன்னாலும் நாம் திருப்பி எடுத்துக்கொள்வோம். சொன்னால் பிள்ளை மனம் நோகுமே என்று அவரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது.

நடேசன் மண்டபத்துப் பக்கக் கதவில் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். பட்டு வேட்டி, சால்வை, அதே திருத்தல் பார்வை. எனக்கு உடனே இரண்டு மடங்கு தெம்பு வந்துவிட்டது.

மறுபடியும் கோஸ்தான். மறுபடியும் பின்பக்கம் கொட்டகைப் பக்கம் சாய்ந்தது. இடது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கி, திருப்பி, "வலது, மாமா! தைரியமா வாங்க, வலது!" என்று சந்தே அதிரக் கூவினேன். மாமா அதைத் திருப்பி, தைரியமாக இடது பக்கம் வந்தார். முதல் தடவை பயந்து பயந்து வந்ததால் வெறும் டங். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் நம்பிக்கை இருந்ததால் கம்பு படுத்தது. அது போனதும் ஒரு பக்கத் தகரம் சரிந்து, நீட்டிக்கொண்டிருந்த தூணின் மேல் விழுந்தது. தூணின் அடிமுனை மளுக்கென்று ஒடிந்தது. தகரம் அங்கிருந்து வழுக்கிப்போய், பொரித்து அடுக்கியிருந்த அப்பளக் கூடைகளின் மேல் நிதானமாகப் படுத்துக்கொண்டது. ஆளுக்கு அடியில்லை, அடுப்புக்கும் சேதமில்லை. அத்தனை அப்பளமும் பொடி.

மாமா இறங்கி வந்தார். நான் அசையவில்லை. என் கண் தூணைப் பார்த்தது, மனது பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் அப்பாவைப் பார்த்தது. ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் காத்த மனுஷனுக்கு நான் ஒரு அகராதியையே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"வலதுன்னுதான மாமா சொன்னேன்," என்றேன். குரல் எங்கேயோ போயிருந்தது.

"ஆமாம்மா. அதான் நான் திருப்பி இடது பக்கம் வந்தேன்."

"நீங்க ஏன் திருப்புனீங்க? நான்தான் திருப்பிட்டேனே."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். "நீயும் திருப்பிட்டியா?" என்றார் மெதுவாக.

இருவரும் திருப்பினால் யாருமே திருப்பாத மாதிரி. முதல் தடவை ஒருவரும் திருப்பவில்லை, கொட்டகைக்குப் போனோம். இரண்டாம் தடவை இரண்டு பேரும் திருப்பினோம், அதே கொட்டகைக்குப் போனோம். நடுச் சந்தில், அப்பள வாசனைக்கு நடுவில், எனக்கு வெள்ளிக்கிழமை கரும்பலகை ஞாபகத்துக்கு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மாமாவிடம் சொன்னேன்: "நீங்க திருப்பாதீங்க மாமா. சொல்றத அப்படியே கேளுங்க. நான் மட்டும் திருப்புறேன்."

இந்தத் தடவை ஒரே ஒரு திருப்பல். லோரி சந்துக்குள் ஒரு கோடு போட்டதுபோல் நேராகப் போய்க் கதவில் நின்றது.

"பிள்ளை, இஞ்ச வாரும்," என்றார் நடேசன்.

போனேன். புடவைத் தலைப்பில் சாம்பல், நெற்றியில் வியர்வை, கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். "ரெண்டு தரம் பிழைச்சது, மூண்டாந்தரம் சரியா வந்தது. என்ன நடந்தது?" என்றார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. லோரி பழசு, நம்பியிருப்பார். மாமாவும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை தெரியாது என்று சொல்லாததற்கே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இதையும் சேர்த்து விழுங்க முடியாது.

"என் தப்புதான் அங்கிள்," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. எதிரெதிராக நின்றதால் வந்த தவறு, அதை நான் திருப்பியது ஒரு மைனஸ், மாமா திருப்பியது இன்னொரு மைனஸ், மைனஸ் என்றால் திருப்பிப் போடு என்று அர்த்தம், திருப்பியதைத் திருப்பினால் பழைய பக்கத்துக்கே வந்து நிற்கும், அதுதான் பிளஸ், எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மைனஸ் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் வலது கையை மல்லாத்தினார், கவிழ்த்தார், மறுபடி மல்லாத்தினார். உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நின்றுவிடுமா, நிற்காமல் நடந்தாலும் அக்காவை நாளைக்கே குத்திக் காட்டுவார்களா, அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று என்னென்னவோ ஓடியது.

திடீரென்று அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த முகம் அதற்குப் பழக்கப்படாதது. "மைனஸ் இன்டூ மைனஸ் பிளஸ் எண்டு ஐம்பது வருசமாச் சொல்லிக்கொண்டு திரியிறன். ஏனெண்டு இண்டைக்குத்தான் விளங்கினது," என்றார். சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒடிந்த தூணைப் பார்த்தார். உடனே தலைமைக் குமாஸ்தாவாகிவிட்டார். "தூணை ஒடிச்சது நீர். முகூர்த்தம் முடியுமட்டும் நீரே பிடியும்."

ஒன்பது மணிக்குப் பஸ் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. நடேசனிடம் போய்க் கையைக் குவித்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நடேசன் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "ஒண்டும் நடக்கேல்ல. உங்கட மகள் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவ," என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

தூணுக்கு வைத்தியம் சொன்னது மாமா. தலைகீழாக நிறுத்தினால் ஒடிந்த முனை மேலே போய்ப் பூச்சரத்துக்குள் மறைந்துவிடும். சரிதான், ஆனால் தலைகீழ்த் தூணுக்குக் கீழே பிடிமானம் கிடையாது, கையை விட்டால் மயிலோடு மாப்பிள்ளை தலையில் இறங்கும். தண்டனையை அனுபவித்தே ஆகவேண்டும். மாப்பிள்ளைக்குப் பின்னால், துணித் திரைக்கு மறைவில், ஒற்றைக் கையால் தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். சொந்த அக்காவுக்குத் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை, மேளம் மாறியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் அங்கேயே நின்று அழுதேன், துடைக்க இன்னொரு கை இருந்தது. நான் பார்த்ததெல்லாம் என் மூக்குக்கு நேரே தூணின் முதுகில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளைத்தான். இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று எழுதி ஓர் அம்புக்குறி. தலைகீழாக நின்ற அந்த அம்பு, தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கவிழ்த்தால் மறுபடி மேலே காட்டும். திங்கட்கிழமைப் பாடத்தை அங்கேயே தயார் செய்தேன்.

பந்தியில் அப்பளத்தைக் கரண்டியால் அள்ளித் தூவினார்கள். கிள்ளான்காரர்கள் அப்பளத்தைப் பொடித்துத்தான் போடுவார்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் சிலர் இன்னமும் நம்புகிறார்கள்.

திங்கட்கிழமை கை தூக்க முடியாத வலியோடு வகுப்புக்குப் போனேன். (தற்காலிக ஆசிரியைக்கு ஏது லீவு?) வெள்ளிக்கிழமை கேட்ட கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது, அதனால்தான் மனப்பாடம் செய்யச் சொன்னேன் என்று முதலில் சொன்னேன். சொல்லிவிட்டால் ஒன்றும் ஆவதில்லை, கூரை அப்படியேதான் இருந்தது. பிறகு கரும்பலகையில் லோரி வரைந்தேன், கொட்டகை வரைந்தேன், என்னையும் வரைந்தேன். நான் கூவியதைச் சொன்னபோது வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் எண்களுக்கு வந்தேன். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு. அந்த மூன்றுக்கு முன்னாலும் ஒரு மைனஸ் போட்டால், வந்த விடையைத் திருப்பிப் போடு என்று அர்த்தம். மைனஸ் ஆறைத் திருப்பினால் ஆறு.

சாந்தி கையைத் தூக்கினாள்.

"அப்ப, மூணு பேரு திருப்பினா லோரி சரியா போயிரும் இல்ல டீச்சர்?"

மூன்று மைனஸ். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவளாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். போய்விடும் சாந்தி, கண்டிப்பாகப் போய்விடும் என்றேன். அவள் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அந்த வாரமே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். பிறகு முப்பது வருடம் கணக்குத்தான் என் பிழைப்பு. ஒவ்வொரு வருடமும் அந்த லோரியை வரைந்தேன். கொட்டகையும் ஒவ்வொரு வருடமும் விழுந்தது.

வீட்டில் இன்றைக்கும் யார் காரைப் பின்னால் எடுத்தாலும் முதல் கேள்வி, யார் திருப்புவது என்பதுதான். அதை முடிவு செய்யாமல் கியரைப் போட மாட்டார்கள். நான் பக்கத்தில் நின்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு எடுக்கிறார்கள். அக்கா மகன் லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு என்னிடம் ஆசீர்வாதம் வாங்கிவிட்டு, பெரிய மனது பண்ணி வீட்டுக்குள்ளேயே இருங்கள் சித்தி என்று கேட்டுக்கொண்டான்.

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படம் ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே, தங்கத் தூணைப் பிடித்தபடி, யாருடையதென்று தெரியாத ஒரு கை மட்டும் இருக்கும். படம் கெட்டுப்போனது, அதை எடுத்துவிடலாம் என்று அக்கா எத்தனையோ தடவை சொன்னாள். நடேசன் அங்கிள் விடவில்லை. கண் மங்கிப்போன கடைசிக் காலத்திலும், வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பத்தை எடுத்துவரச் சொல்வார். மகனையும் மருமகளையும் தாண்டி அவர் விரல் நேராக அந்தக் கையில் போய் நிற்கும்.

"இது ஆர் தெரியுமோ? எங்கட கணக்கு டீச்சர்," என்பார்.